அவர் தொடாத பால்மா டின்

செவ்வாய், இரவு

பாப்பா தூங்கும் அறையில் இந்நேரத்தில் விளக்கைப் போட்டு இந்த டைரியை எழுதுகிறேன், பாப்பா மன்னிக்க வேண்டும்.

எங்கள் கல்யாணத்துக்கு முன்பு, வெளிநாடு போகும் படகு பழுதாகி, என் கணவர் இவரோடு நடுக்கடலில் பட்டினி கிடந்த வவுனியாப் பெண் இன்று எனக்குப் போனில் கோல் எடுத்தாள்.

"உங்கட அவர் பசியில என்ர பிள்ளையின்ர பால்மாவைக் களவெடுத்துத் திண்டவர். பிறகு என்ர காலைப் பிடிச்சு அழுதவர். பிள்ளை தப்பிட்டான், நானும் மன்னிச்சிட்டன். உங்களுக்குச் சொல்லேல்லையோ அக்கா?"

"சொன்னாரே," என்று பொய் சொன்னேன்.

பாப்பாவின் பால்மா டின்னை இவர் தொடுவதே இல்லை. சோம்பேறி என்று எத்தனை தடவை ஏசியிருக்கிறேன்!

பிள்ளையின் சாப்பாட்டைத் திருடியது பெரிய பாவம்தான். அதையாவது பொறுத்துக்கொள்வேன். அழுவதற்கு அவள் கால் கிடைத்தது, கல்யாணமான பிறகும் என் மடி கிடைக்கவில்லையா?

இந்தப் பக்கத்தை அவர் தலைமாட்டில் வைக்கிறேன். ஏங்க, படிச்சிட்டுச் சீக்கிரம் பதில் சொல்லுங்க.