டிரான்ஸ் என்றுதான் முதலில் சொன்னேன்

வெள்ளிக்கிழமை, இரவு.

வேலை கிடைத்துவிட்டது. போடியில் ஒரு தனியார் பள்ளி, பதினோராம் வகுப்புக்கு வேதியியல். ஆனால் தூக்கம் வரவில்லை.

நேர்காணலில் அங்குள்ள மூத்த வேதியியல் ஆசிரியர் பியூட்டீன் பற்றிக் கேட்டார். சிஸ், டிரான்ஸ் என்ற அதன் இரண்டு வடிவங்களில் ஹைட்ரஜன் சேரும்போது குறைந்த வெப்பம் தருவது எது? டிரான்ஸ் என்றேன். அது ஏற்கெனவே நிலையானது, ஆற்றல் குறைந்தது. வெளிவிடக் கொஞ்சம்தான் இருக்கிறது.

அவர் சிரித்தார். "ஏம்மா, நிலையானதுன்னா பிணைப்பு பலமா இருக்கும். பலமானத உடைச்சா நெறைய வெப்பம் வரும்ல? இதக்கூடவா காலேஜுல சொல்லித் தரல?"

பிணைப்பை உடைக்க ஆற்றலைக் கொடுக்கத்தான் வேண்டும். உடைவதால் வெப்பம் வராது. எனக்குத் தெரியும். ஆனாலும் "ஆமா சார்" என்றேன்.

"திங்கக்கிழமை இதையே மொதப் பாடமா எடும்மா. நான் பின்னாடி உக்காந்து பாக்குறேன்."

சாயங்காலம் ஏலக்காய்த் தோட்டத்து ஜீப்பிலிருந்து இறங்கிய அம்மாவிடம் வேலை கிடைத்ததைச் சொன்னேன். கூட வந்த செல்வி அக்கா, "வீட்டுலயே வாயத் தொறக்காதவ, அங்க என்னத்தப் பேசுனா?" என்று கேலி செய்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எம் மகளும் அந்த வகுப்புதான் ஆத்தா. நீ சொல்றத அப்படியே எழுதிக்கிருவா."

திங்கட்கிழமை வகுப்பில் சரியானதைச் சொன்னால் அன்றைக்கே வேலை போகலாம். கண்ணாடி முன் நின்று, "சார், அது அப்படி இல்ல" என்று சொல்லிப் பார்த்தேன். குரல் எழும்பவில்லை. மறுபடியும் சொன்னேன்.

அம்மா தூக்கத்திலேயே கேட்டாள், "யாருகிட்டடி பேசுற?"