முதுகுப் படங்கள்

கிளிநொச்சி,
செவ்வாய் காலை

அன்புள்ள அக்கா,

வெள்ளிக்கிழமை இங்கே வரவேண்டாம். பூநகரியிலேயே நில்லுங்கோ.

நீங்கள் காணியைத் திருப்பிக் கேட்டுப் போராட்டப் பந்தலில் இருந்தபோது முகம் வேண்டாம் என்றீர்கள், முதுகுப்பக்கம் எடுத்தேன். என் பாணி அந்தப் படத்தில்தான் தொடங்கியது. பந்தலில் இருந்த இருபது பேரையும் அப்படியே எடுத்து, கொழும்புக் கண்காட்சிக்கு ஆல்பம் செய்தேன்.

நேற்று சிவில் உடுப்பில் இரண்டு பேர் ஸ்ரூடியோவுக்கு வந்தார்கள். கலியாண ஆல்பம் பார்க்கவேண்டுமாம். ஆனால் இந்த முதுகு ஆல்பத்தைத்தான் புரட்டினார்கள். உங்கள் படத்தில் ஒருவர் நிறுத்தினார்.

“இது ஆர்?”

“தெரியாது ஐயா. முகம் இல்லைத்தானே.”

“ஆளைப் பிடிக்க எங்களுக்குச் சரிஞ்ச தோளே காணும்,” என்று சிரித்துவிட்டு, அதைப் போனில் படமெடுத்துக்கொண்டு போனார்.

உங்கள் படத்தை மட்டும் நீக்கிவிட்டு ஆல்பத்தைக் கொழும்புக்கு அனுப்பலாம் என்று உட்கார்ந்தேன். மற்றப் பத்தொன்பது முதுகுகளுக்கும் என்னால் பெயர் சொல்ல முடிகிறது. ஊரில் எவராலும் முடியும்.

அனுப்பவில்லை.

உங்கள் தம்பி