நின்றுபோன புள்ளி

மகள் ஃபௌசியாவுக்கு அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் கிருபையால் நானும் அத்தாவும் சுகம், அந்தக் குளிரிலும் கடலிலும் நீ சுகமாக இருக்க துஆ செய்கிறோம். போனில் உன் குரல் பாதியிலேயே அறுந்துபோகிறது, அதனால் எழுதிப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன், கப்பலில் நெட் கிடைக்கும்போது படி.

நீ அத்தா போனில் போட்டுக் கொடுத்த மேப்பை சீரியல் மாதிரி தினமும் பார்த்துக்கொண்டிருந்தோம். நார்வேக்கு மேலே ஒரு புள்ளி, அதுதான் உன் கப்பல், டீ போட்டுவிட்டு வந்து பார்த்தால் கொஞ்சம் நகர்ந்திருக்கும். போன வியாழக்கிழமை அது நின்றுவிட்டது. நெட் கோளாறு என்றேன் நான். உன் அத்தா மைன்ஸில் நிலக்கரி போகும் பெல்ட் ஓட்டியே ரிட்டயர் ஆனவராயிற்றே, “பெல்ட்டு சும்மா நிக்காது முனவரா, எங்கியோ அறுந்திருக்கும், இல்லன்னா ஆள் மாட்டிக்கினு இருப்பான்” என்றார். ஆக்கிய சோறு அப்படியே கிடந்தது. எதிர் குவார்ட்டர்ஸ் தமயந்தி அவள் சாமிக்கு வேண்டிக்கொண்டாள், நான் மூன்று நாள் நோன்பு நேர்ந்துகொண்டேன்.

மறுநாள் ஜும்ஆ தொழுதுவிட்டு வந்த அத்தா செருப்பைக்கூடக் கழற்றவில்லை, நீ கூப்பிட்டாய். திமிங்கிலச் சத்தம் பதிவு செய்ய தண்ணீருக்குள் மைக் இறக்கினோம், இஞ்சின் ஓடினால் கேட்காது, நாங்களேதான் நிறுத்தினோம் என்று சாவகாசமாகச் சொல்கிறாய்! அடி பாவி மகளே, அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது எனக்கு. வேண்டுமென்றேவா நிறுத்தினார்கள் என்று அத்தா இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறார். அவர் சர்வீஸில் எதையாவது கேட்பதற்காக யாரும் மிஷினை நிறுத்தியதில்லையாம்.

நீ அனுப்பிய சத்தம் அவருக்குக் கேட்கவில்லை, பெல்ட் இரைச்சலில் போன காதுதானே. டிவி ஸ்பீக்கரில் போட்டு அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். “கையில தெரியுது, பேசிக்கினுதான் இருக்குது” என்றார். தமயந்தியையும் கூப்பிட்டுக் கைவைக்கச் சொன்னார். முத்தாண்டிக்குப்பத்திலிருந்து பலாப்பழம் வந்தது, உன் பங்கையும் அவளே தின்றாள். என் நோன்பு நாளை முடிகிறது, மனசு லேசாக இருக்கிறது.

கைக்கும் உதட்டுக்கும் தேங்காய் எண்ணெய் தடவு, கயிறு கட்டாமல் ஓரத்தில் நிற்காதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தரட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே, இனி இஞ்சினை நிறுத்துவதென்றால் முன்னாடியே எங்களுக்கு ஒரு வரி போட்டுவிடு. திமிங்கிலம் பேசுவதைக் கேட்க ஒரு கப்பல் நிறைய ஆளிருக்கிறது, நீ பேசுவதைக் கேட்க இங்கே நாங்கள் இரண்டு பேர் இருக்கிறோம்.

உன் குரலுக்குக் காத்திருக்கும் அம்மா,
முனவரா ஜியாவுதீன்
நெய்வேலி