முதல் மூங்கில்

மும்பை,
ஆகஸ்ட் 2

அன்புள்ள கேதகி அக்காவுக்கு,

ஹேமாங்கி எழுதுகிறேன். புதுக் கட்டடங்கள் வந்தால் எங்கள் கடற்கரைக்கும் வழக்கங்களுக்கும் என்ன ஆகும் என்று ஆய்வு செய்ய ஜூலையில் எங்கள் மீனவர் குடியிருப்புக்கு வந்தீர்களே, அப்போது உங்கள் நனைந்த குடையை வாங்கி வைத்தவள். சங்கத் தலைவர் ஜனார்தன் தாண்டேலின் மகள். எல்லோரும் தூங்கிய பிறகு சமையலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னியுங்கள்.

கோவிலுக்குப் பின்னால் கணுக்கால் தண்ணீரில் நின்று "இது என்ன இடம்?" என்று கேட்டீர்கள். அப்பா, "சும்மா கிடக்குற இடம் மேடம். பசங்க கிரிக்கெட் ஆடுவாங்க" என்றார்.

அது சும்மா கிடக்கும் இடம் இல்லை அக்கா. எங்கள் மீன் காயும் இடம். மழைக்காலத்தில் மூங்கில்களைக் கழற்றி வீட்டு உத்தரத்தில் கட்டிவிடுவோம். மழை குறைந்ததும் மறுபடி நட்டுக் கயிறு கட்டினால் பொம்பில் மீன் தோரணம்போலத் தொங்கும். அம்மாவும் எங்கள் தெருப் பெண்களும் பிழைப்பது அதில்தான். நீங்கள் ஜூலையில் வந்தீர்கள். ஜூலையில் யார் மீன் காயவைப்பார்கள்?

உங்கள் முதல் அறிக்கையைச் சங்க அலுவலகத்தில் பார்த்தேன். "பயன்பாட்டில் இல்லாத திறந்தவெளி" என்று இருக்கிறது. எங்களுக்கெல்லாம் மாடிவீடு தருவார்களாம், அங்கே கார் நிறுத்தும் கட்டடம் வரப்போகிறதாம்.

அப்பா என் போனைப் பார்ப்பார். பதில் எழுதினால் பள்ளி முகவரிக்கு, ஓவிய ஆசிரியை ஷைலஜா பெயருக்கு அனுப்புங்கள். நான் எழுதியது தெரிந்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

அன்புடன்,
ஹேமாங்கி


புனே,
ஆகஸ்ட் 10

அன்புத் தங்கை ஹேமாங்கிக்கு,

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். ஜூலையில் போகச் சொன்னது எங்களுக்கு வேலை கொடுத்த கட்டுமான நிறுவனம். நான் கடல் பார்த்து வளராதவள். அந்தத் தேதியைப் பற்றிச் சந்தேகப்படத் தோன்றவில்லை.

இறுதி அறிக்கைக்கு முன் மறுபடி ஒருமுறை வந்து பார்க்க அனுமதி கேட்டிருக்கிறேன். கண்ணால் பார்த்ததைத்தான் எழுத முடியும். மூங்கில்கள் நின்றால் படம் எடுத்து, "மீன் உலர்த்தும் களம், பயன்பாட்டில் உள்ளது" என்று எழுதிவிடுவேன். பிறகு அதன்மேல் எதுவும் கட்டுவது அவர்களுக்கு எளிதல்ல.

நீ எதுவும் செய்ய வேண்டாம். படி.

அன்புடன்,
கேதகி


மும்பை,
ஆகஸ்ட் 22

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்துச் சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை.

பௌர்ணமி போய்விட்டது. மழைக்காலம் முடிந்ததற்காகக் கடலுக்குத் தேங்காய் விட்டாயிற்று. வழக்கப்படி மறுநாள் எங்கள் வீட்டுத் தலைவிதான் முதல் மூங்கிலை நட வேண்டும். அதன் பிறகுதான் மற்றப் பெண்கள் நடுவார்கள். அம்மா இன்னும் நடவில்லை. அதனால் யாருமே நடவில்லை.

பக்கத்து வீட்டு சவிதா அத்தை குழாயடியில் எல்லோர் முன்னாலும் கேட்டாள். "என்ன ரத்னா, இப்பவே மாடிவீட்டுக்காரி ஆயிட்டியா? மூங்கிலப் பிடிச்சா கை நாறிடுமோ?"

"இடுப்பு பிடிச்சிருக்கு அக்கா. ரெண்டு நாள் போகட்டும்" என்றாள் அம்மா.

இடுப்பு வலி அப்பா சொல்லிக்கொடுத்தது. "அந்த ஆபீஸ் பொம்பள மறுபடி வர்றாளாம். வந்துட்டுப் போற வரைக்கும் அங்க ஒரு குச்சி நிக்கக் கூடாது. கொழாயத் திறந்தா தண்ணி வர்ற வீட்ல என் பொண்ணு உக்காந்து படிக்கணும்னு நெனக்கிறேன், அது தப்பா?" என்றார். அவர் கெட்டவர் இல்லை அக்கா. அதனால்தான் எதிர்த்துப் பேச வாய் வரவில்லை.

"நான் நடட்டுமாம்மா?" என்று கேட்டேன். அம்மா என் வாயில் அடித்தாள். எங்கள் வீட்டில் தாய் செத்த வருஷம்தான் மகள் முதல் மூங்கிலை நடுவாள்.

வீட்டிலும் பேச முடியவில்லை, தெருவிலும் தலைநிமிர முடியவில்லை. உத்தரத்தைப் பார்த்தபடியே படுத்திருக்கிறேன்.

ஹேமாங்கி


புனே,
ஆகஸ்ட் 26

அன்பு ஹேமாங்கி,

செப்டம்பர் ஆறாம் தேதி காலை வருகிறேன். அதற்குமேல் தள்ளிப்போட அனுமதி இல்லை.

மூங்கில் நிற்க வேண்டும் என்று எழுதியபோது, அது உன்னிடம் எதைக் கேட்கும் என்று எனக்குத் தெரியாது. நடாதே. களம் காலியாக இருந்தால் காலி என்றுதான் எழுதுவேன், பொய் எழுத என்னால் ஆகாது. ஆனால் அதற்கு நீ பொறுப்பில்லை. அம்மாவோடு சண்டை போடாதே. நேரத்துக்குச் சாப்பிடு.

கேதகி


மும்பை,
செப்டம்பர் 1

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் சொன்னதை நான் கேட்கவில்லை.

இன்று விடியற்காலையில் அப்பா படகுத்துறைக்குப் போனதும் ஒரு மூங்கிலை அவிழ்த்துத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தேன். குழாயடிப் பெண்கள் என் தோளையும் எங்கள் வீட்டு வாசலையும் மாறி மாறிப் பார்த்தார்கள். சாவு வீடுபோல வாசலில் யாரும் அழவில்லை. சவிதா அத்தை குடத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

பழைய குழியில் மண்ணை வாரிக்கொண்டிருந்தபோது அம்மா ஓடிவந்தாள். கையெல்லாம் அரிசி மாவு. மூங்கிலை என்னிடமிருந்து பிடுங்கினாள்.

"தள்ளுடி. நான் இன்னும் உயிரோடதான் இருக்கேன்."

அவளே நட்டாள். காலால் மண்ணை மிதித்து இறுக்கினாள்.

"இடுப்பு வலி போயிடுச்சா ரத்னா?" என்றாள் சவிதா அத்தை.

"போயிடுச்சு. உன் மூங்கிலக் கொண்டா, வாயக் கொண்டு வராத."

மத்தியானத்துக்குள் களம் நிறைந்துவிட்டது. அப்பா வந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பெண்கள் நட்டதைப் பிடுங்க எங்கள் ஊரில் எந்த ஆணின் கையும் வராது. கத்தவில்லை. வீட்டுக்கு வந்து என்னைக் கேட்டார்.

"அந்தம்மா வர்ற நேரமாப் பாத்து உனக்கு இத யாரு சொல்லிக் கொடுத்தா?"

"யாருமில்லப்பா."

"இனிமே நீ ரேவ்தண்டா ஊர்ல என் தங்கச்சி வீட்ல இருந்து படி. ஏழாம் தேதி கொண்டு விடுறேன்."

அம்மா குறுக்கே எதுவும் சொல்லவில்லை. இன்று ஒருமுறைதான் அவளால் எதிர்க்க முடிந்தது. அடுப்பைப் பார்த்தபடியே இருந்தாள்.

நாளை மாற்றுச் சான்றிதழ் வாங்க அப்பாவோடு பள்ளிக்குப் போவேன். இதை ஷைலஜா மேடம் கையில் திணித்துவிடுவேன். பதில் எழுதாதீர்கள், வாங்க நான் இருக்க மாட்டேன்.

ஆறாம் தேதி நல்ல வெயில் அடிக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். நிறையப் படம் எடுங்கள். அப்பா உங்கள் பக்கத்திலேயே நிற்பார், நான் வாசலில் நிற்பேன். போன முறை நீங்கள் என் பெயரைக் கேட்கவே இல்லை, அது அப்பாவுக்கு நினைவிருக்கும். வாய் தவறிக்கூடக் கூப்பிட்டுவிடாதீர்கள் அக்கா. என்னைப் பார்த்துச் சிரிக்கவும் வேண்டாம்.

இப்படிக்கு,
தலைவரின் மகள்