நெருப்பு தாங்கின கல்

செவ்வாய், ராத்திரி.

இன்னிக்கு ஜெயிச்சுட்டேன். தோல் பதனிடுற எங்க டேனரி பாய்லருக்குள்ள நெருப்பு தாங்குற கல்லை நானே புதுசா கட்டி, மூணு நாளா சின்னத் தீயிலயே காய வெச்சேன். ஈரம் போறதுக்குள்ள முழுத் தீ போட்டா கல் வெடிச்சிடும். போன தடவை அப்படித்தான் வெடிச்சுது.

"வெந்நீருக்குத் தோல் காத்துக் கெடக்கு. கல்லுக்கு இன்னாய்யா சீராட்டு?"ன்னு மேனேஜர் தினம் கத்தினார். நான் அசையவே இல்ல.

இன்னிக்குக் காலையில முழுத் தீ போட்டேன். சாயங்காலம் கதவைத் திறந்து அவருக்குக் காட்டினேன். உள்ள செக்கச்செவேல்னு கல் ஜொலிக்குது, ஒரு விரிசல் இல்ல.

"இதுக்குப் பேர் இன்னா?"ன்னார்.

"ரிஃப்ராக்டரி, சார்."

எழுத்துக்கூட்டச் சொல்லி நோட்டுல எழுதிக்கிட்டார். "அடுத்த பாய்லருக்கும் மூணு நாள் எடுத்துக்க."

நாலு நாள் வேணும்னுட்டேன்.