நீ வெட்டி எறிந்த காட்சி

தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் நலம் என்று தொடங்கத்தான் உட்கார்ந்தேன். பொய்யில் தொடங்க மனம் வரவில்லை. மூன்று முறை போன் செய்தேன். மூன்று முறையும் உன் உதவியாளர்தான் எடுத்தார். "சார் வெற்றி விழாவுல இருக்கார்" என்றார். விழா முடியும்வரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை.

உன் தொடரை எட்டு வாரமும் பார்த்தோம், நானும் சித்தியும். அந்தப் பழைய தொடரை நீ மறுபடி எடுக்கப்போகிறாய் என்று தெரிந்த அன்றே, தள்ளிப்போட்டுக்கொண்டிருந்த கண் ஆபரேஷனுக்குச் சித்தி சரி என்றார். "அவன் எடுக்கிறதை மங்கலாவா பார்க்கிறது?" என்று கேட்டார். தன் தையல் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் நாளும் நேரமும் சொல்லி வைத்தார்.

பழையது நினைவிருக்கிறதா? அம்மா போய், சித்தி நம் வீட்டுக்கு வந்த மறுவருஷம். உனக்கு ஒன்பது வயது. ஞாயிறு மாலை மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து பார்ப்போம். செத்துப்போன அம்மா ஆவியாக வருவாள். யாரையும் பயமுறுத்த மாட்டாள். புதிதாக வந்தவள் பிள்ளையின் மருந்தைத் தேடித் தடுமாறும்போது அலமாரிக் கதவு மெல்லத் திறக்கும். பேய் செய்த வேலையே அவ்வளவுதான். கடைசி வாரம் புதியவள் காலி நாற்காலியைப் பார்த்து, "நீங்க நிம்மதியா போங்க, நான் பார்த்துக்கிறேன்" என்பாள். அன்றைக்குத்தான் நீ முதல்முறையாகச் சித்தி மடியில் தலை வைத்துத் தூங்கிப்போனாய்.

உன் தொடரில் ஆவி பழிவாங்க வருகிறது. காலம் மாறிவிட்டது, அலறினால்தான் ஜனங்கள் பார்ப்பார்கள் என்பாய். இருட்டு, ரத்தம், எல்லாம் வைத்துக்கொள். அதற்காக நான் பேனாவை எடுக்கவில்லை. அந்த மாற்றாந்தாயை எதற்கடா தையல்காரி ஆக்கினாய்? பழையதில் அவள் டீச்சர். எதற்கு அவளுக்கு இடது கையில் கத்தரிக்கோல்? ஒடிந்த கண்ணாடிக் காலுக்குப் பதில் நாடா கட்டியிருக்கிறாளே, அது யாருடைய கண்ணாடி என்று நம் தெருவில் எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும்.

நான்காம் வாரம் அவள் பையனை அமுக்கிப் பிடித்து அந்தக் கத்தரிக்கோலால் தலையை ஒட்ட வெட்டுகிறாள், சிரித்துக்கொண்டே. நிஜத்தில் என்ன நடந்தது? சித்தி வந்து மூன்றே மாதம். உன் தலை முழுக்கச் சீழ்ப்புண். முடியை எடுத்தால்தான் மருந்து பிடிக்கும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சித்தி கத்தரியை எடுத்ததும் நீ கத்தினாய், கடித்தாய். சித்தியின் மணிக்கட்டில் அந்தப் பல் தடம் இன்னும் இருக்கிறது. அதுவரைக்கும் உனக்கு ஒன்றுவிடாமல் நினைவிருக்கிறது. மறுநாள், எல்லாரும் கேலி செய்வார்கள் என்று நீ கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாய். சித்தி அதே கத்தரியால் தன் இடுப்பு வரை இருந்த பின்னலை அறுத்துப் போட்டு, தன் தலையையும் ஒட்ட வெட்டிக்கொண்டு, உன் கையைப் பிடித்துத் தெரு வழியே பள்ளிக்கூட வாசல் வரை நடந்தாரே, அந்தக் காட்சி எங்கே? எட்டு வாரத்தில் அதற்கு இரண்டு நிமிஷம் கிடைக்கவில்லையா? மறந்துபோனாயா, வெட்டி எறிந்தாயா? மறந்திருந்தால்கூட மன்னித்துவிடுவேன்.

கடைசி வாரம், அளவு நாடாவால் ஆவி அவள் கழுத்தை இறுக்கியபோது, கூடப் பார்க்க வந்திருந்த பக்கத்து வீட்டுக்காரர்கள் கை தட்டினார்கள். பிறகு சித்தியைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். சித்தி எழுந்து டிவியை அணைத்தார். "வெளிச்சமெல்லாம் நல்லா எடுத்திருக்கான்" என்றார். இரண்டு நாள் கழித்து நான் மருந்துக்கடை வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் நிறுத்தி, "அன்னைக்கு நான் சிரிச்சேனா?" என்று கேட்டார். நீ அவ்வளவு நன்றாக எடுத்திருக்கிறாய், அவருக்குத் தன் ஞாபகத்தின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது.

போன வாரம் சீருடைக்கு அளவு கொடுக்க வந்த ஒரு சிறுமி, சித்தி கத்தரியை எடுத்ததும் தன் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டாள். அன்றிலிருந்து சித்தி வலது கையால் வெட்டப் பழகுகிறார். அறுபத்து மூன்று வயதில். மூன்று துணி கோணலாகிவிட்டது. நேற்று நான் கடைக்கே போய், "இடது கையாலயே வெட்டுங்க, எவ என்ன சொல்றான்னு பார்க்கிறேன்" என்று கத்தினேன். "சின்னப் புள்ளைங்க பயப்படுதுடி" என்றார். உன்மேல் ஒரு சொல் இல்லை. நாலு வார்த்தை திட்டித் தொலைத்தாலாவது எனக்கு ஆறும்.

நான் கடிதம் எழுதுவது அவருக்குத் தெரியும். என்ன எழுதுகிறேன் என்று தெரியாது. உன் பேட்டியைப் பார்த்தாராம். "கண்ணுக்குக் கீழ கறுத்துப்போயிருக்கு, நேரத்துக்குத் தூங்கச் சொல்லு. நல்லா இருக்கணும்னு நான் சொன்னேன்னு எழுது" என்றார். எழுதிவிட்டேன். இது அவருடைய ஆசீர்வாதம். என்னிடம் இப்போது உனக்குக் கொடுக்க ஒன்றும் இல்லை.

எனக்குப் பதில் எழுதாதே. விளக்கம் சொல்லாதே. ஒரு நாள் பஸ் ஏறி வா. கடையில் அவர் எதிரில் உட்கார். என்ன பேசுவது என்று வசனம் எழுதுகிற உனக்கு நான் சொல்லித் தரவேண்டாம். ஒன்றும் வரவில்லையென்றால் 'அம்மா' என்று மட்டும் கூப்பிடு. இத்தனை வருஷத்தில் நீ அவரை ஒரு தடவைகூட அப்படிக் கூப்பிட்டதில்லை.

இப்படிக்கு,
உன் அக்கா