விரலில் தட்டிய விளிம்பு

அனுப்புநர்
முதுநிலை ஃபிட்டர்,
இன்ஜின் பிரிவு,
அரசு டிராக்டர் பணிமனை.

பெறுநர்
தலைமைப் பொறியாளர் அவர்கள்,
வேளாண் இயந்திரத் துறை.

பொருள்: டிராக்டர் இன்ஜின்களில் நான் பொருத்திய ஸ்லீவ்களின் விளிம்பைத் தேய்க்கும்படி ஆய்வு அலுவலர் இட்ட உத்தரவு – அதனால் ஓர் இன்ஜின் கெட்டது – மீதி மூன்றும் திங்களன்று கெடாமல் தடுக்க வேண்டுவது – தொடர்பாக.

வணக்கத்திற்குரிய ஐயா,

1. இம்மனு ஆய்வு அலுவலர் வழியாகத்தான் தங்களுக்கு வர வேண்டும் என்பது விதி. புகாரே அவர்மீது என்பதால் நேரடியாக அனுப்புகிறேன். பொறுத்தருள்க.

2. சென்ற மாதம் பணிமனைக்கு நான்கு டிராக்டர் இன்ஜின்கள் வந்தன. ஒன்று என் அக்காவுடையது. நான்கிலும் பிஸ்டன் ஏறி இறங்கும் குழாயான சிலிண்டர் ஸ்லீவ் உட்காரும் இடத்தைத் துரு தின்றிருந்தது. அந்த இடத்தைக் கடைந்து அகலமாக்கி, அதற்கேற்ற ஓவர்சைஸ் ஸ்லீவ்களை இறக்கினேன். ஸ்லீவைச் சுற்றி ஓடும் தண்ணீர் கீழே ஆயிலில் கலக்காமல் தடுக்க, அடியில் இரண்டு ரப்பர் வளையங்கள் உண்டு. சோப்புத் தண்ணீர் தடவி, வளையம் முறுக்கிக்கொள்ளாமல், கையாலேயே அழுத்தி இறக்கினேன். சுத்தியலைத் தொடவில்லை. தண்ணீர் நிரப்பி ஒரு பகல் முழுக்க வைத்துப் பார்த்ததில் ஒரு சொட்டு இறங்கவில்லை.

3. ஸ்லீவின் மேல் விளிம்பு, பிளாக்கின் முகத்தைவிட ஒரு தலைமுடிப் பருமன் உயர்ந்து நிற்க வேண்டும். மேல்மூடியான ஹெட்டை வைத்து போல்ட்டுகளை முறுக்கும்போது, நடுவிலிருக்கும் கேஸ்கெட் தகட்டை அந்த விளிம்புதான் கடித்துப் பிடிக்கிறது. அந்தப் பிடி இல்லையென்றால் நெருப்பும் தண்ணீரும் ஒன்றாகிவிடும். இதைத் தங்களுக்கு விளக்குவது அதிகப்பிரசங்கித்தனம். விளக்க வேண்டியவருக்கு விளக்கி வாய் வலித்ததுதான் மிச்சம் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

4. ஆய்வு அலுவலர் மேசை நாற்காலி கொள்முதல் பிரிவிலிருந்து மாறுதலாகி வந்து ஐந்து மாதங்கள் ஆகின்றன. சட்டைப்பையில் எப்போதும் ஓர் இரும்பு அளவுகோல் வைத்திருப்பார். பணிமனையில் அவரை 'மட்டக்கோல் சார்' என்றால்தான் தெரியும். அவர் அக்காவின் இன்ஜினருகே வந்து, கண்ணை மூடிக்கொண்டு, கட்டைவிரலால் ஸ்லீவ் விளிம்பைத் தடவினார். "என்னம்மா இது, விரல்ல தட்டுது? மட்டமா இருக்க வேணாமா?" என்றார். கம்பெனிக் கையேட்டை விரித்துக் காட்டினேன். அட்டையைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். உயரத்தை அளந்து காட்ட, கடிகாரம் போல் முள் சுற்றும் டயல் கேஜைக் கொண்டு வந்தேன். "இது எதுக்கு, மணி பாக்கவா?" என்று கேட்டுவிட்டுத் தாமே சிரித்துக்கொண்டார். பிறகு பதிவேட்டில், "மேற்பரப்பு சீராக இல்லை. வேலையில் நேர்த்தி போதாது. தேய்த்து மட்டமாக்கவும்" என்று எழுதிக் கையெழுத்திட்டார். மேசையாக இருந்திருந்தால் அவர் சொன்னது சரிதான்.

5. இரண்டு முறை வேண்டாம் என்றேன். மூன்றாம் முறை அவர் குரலை உயர்த்தியதும் வாயை மூடிக்கொண்டு சாணை மிஷினில் தேய்த்தேன். அவர் மறுபடி தடவிப் பார்த்து, "இப்ப பாரு, கண்ணாடி மாதிரி இருக்கு!" என்று பூரித்துப்போய் செல்போனில் படமும் எடுத்துக்கொண்டார். அந்தப் படம் இப்போதும் அவரிடம் இருக்கும். தாங்கள் கேட்டு வாங்கிப் பார்க்கலாம்.

6. உழவு தொடங்கிய ஆறாம் நாள் அக்காவின் டிராக்டர் பாதி நிலத்தில் நின்றது. ரேடியேட்டரில் குமிழி, புகைக்குழாயில் வெள்ளைப் புகை, ஆயில் பால் விட்ட தேநீர் நிறம். ஆய்வு அலுவலர் இருக்கையைவிட்டு எழாமலேயே காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார்: ரப்பர் வளையங்களை நான் அஜாக்கிரதையாகப் போட்டேனாம். பழியைத் தூக்கி என் தலையில் போட்டு ஒரு குறிப்பாணையும் கொடுத்தார். ஸ்டோர்கீப்பர் முன்னிலையில் இன்ஜினைப் பிரித்தேன். அக்காவும் பக்கத்தில் நின்றாள். ரப்பர் வளையங்கள் நான் வைத்தபடியே பழுதில்லாமல் இருந்தன. கேஸ்கெட்தான் மூன்றாம் சிலிண்டர் விளிம்பில் கருகிக் கிடந்தது. முப்பதடி நடந்து வந்து பார்க்கும்படி அலுவலரைக் கேட்டேன். "நான் வந்து பாத்தா ஆயில் நல்லாயிடுமா?" என்றார். நல்லாகாதுதான். குறிப்பாணையையாவது கிழித்துப் போட்டிருக்கலாம்.

7. அந்தக் கேஸ்கெட்டைக் கையில் வாங்கிப் பார்த்த அக்கா, "இப்படி ஆகும்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டாள். தெரியும் என்றேன். "தெரிஞ்சேதான் தேய்ச்சியா?" என்றாள். குறிப்பாணைக்கு ஏழு நாளில் பதில் எழுதிவிடலாம். அக்காவின் கேள்விக்குப் பதிலாகப் புது ஸ்லீவ்தான் போட்டுத் தர முடியும். பெய்த மழையின் ஈரம் காய்ந்துகொண்டிருக்கிறது, நிலம் பாதியில் கிடக்கிறது, அவள் என் வீட்டுப் பக்கம் வருவதில்லை. அத்தான் மட்டும் வந்து வாசலோடு பேசிவிட்டுப் போகிறார். உத்தரவு அலுவலருடையது, தேய்த்த கை என்னுடையது. பத்தொன்பது வருட வேலையில் இப்படி வெட்கப்பட்டதில்லை, ஐயா.

8. இவ்வளவுக்குப் பிறகும், மீதி மூன்று இன்ஜின்களையும் வரும் திங்கள் காலை பத்து மணிக்கு நானே தேய்த்து மட்டமாக்க வேண்டும் என்று இன்று உத்தரவிட்டிருக்கிறார். தங்களிடம் நான் வேண்டுவது: இந்த உத்தரவை நிறுத்துங்கள். டயல் கேஜில் மணி பார்க்காத ஒருவரை அனுப்பி மூன்றையும் அளக்கச் சொல்லுங்கள். அக்காவின் இன்ஜினுக்குப் பணிமனைச் செலவில் புது ஸ்லீவ் போட அனுமதியுங்கள். நான் சம்பளமில்லாமல் போட்டுத் தருகிறேன். அலுவலரைத் தண்டிக்கச் சொல்லவில்லை. பழைய பிரிவுக்கே அனுப்பிவிட்டால் போதும், அங்குள்ள நாற்காலிகள் அவரைத் தாங்கிக்கொள்ளும்.

9. தங்கள் பதில் திங்களுக்குள் வராமல் போகலாம் என்பதால், இந்த முறை வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. தேய்க்கும் மிஷின் அன்று ஓடாது. கழற்றியது நான்தான், வேறு யாரையும் விசாரிக்க வேண்டாம். அரசுப் பொருளை எடுத்த குற்றத்திற்கு என்மீது எடுக்கும் நடவடிக்கையை இதே கோப்பில் சேர்த்துக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: பணிமனை, இன்ஜின் பிரிவு
நாள்: வெள்ளி, மாலை நான்கு மணி

உத்தரவுக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
முதுநிலை ஃபிட்டர்

இணைப்பு:
1. ஆய்வு அலுவலரின் இரண்டு உத்தரவுகள், ஒரு குறிப்பாணை – நகல்கள்.
2. கருகிய கேஸ்கெட் – ஒன்று.
3. தேய்க்கும் மிஷினில் சாணைக்கல்லைப் பூட்டும் நட்டு – ஒன்று. இடப்பக்கம் திருகினால் இறுகும் மரை. கடையில் கிடைக்காது.